பைத்தான் நிரல்களின் மூடிய பகுதியில் பிழை தேடுதல்

பைத்தான் மொழியில் எழுதப்பெற்ற நிரல் ஒன்று பாதி வழியில் தடைப்பட்டு நிற்குமாயின், எந்தக் கோப்பில், எத்தனையாவது வரியில், என்ன காரணத்தால் நின்றது என்பதை அதுவே எழுதிக் காட்டிவிடும். அந்த அறிக்கையைக் கீழிருந்து மேலாகப் படிக்கத் தெரிந்த ஒருவர், பெரும்பாலான குறைகளைப் பிறர் உதவியின்றியே களைந்துவிடலாம். பள்ளி ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இம்மொழியை விரும்பி ஏற்றதற்கு இது ஒரு முக்கிய காரணம். ஆனால் அதே நிரல் எவ்வித அறிக்கையுமின்றித் திரையிலிருந்து மறைந்துவிடும் சந்தர்ப்பமும் உண்டு. அதைவிடக் கொடியது, நிரல் இறுதிவரை ஓடி, தவறான ஓர் எண்ணை அமைதியாக எழுதிவிட்டு முடிவது. முதல் வகைக்கு ஏறக்குறைய எப்போதும், இரண்டாம் வகைக்குப் பல வேளைகளிலும், காரணம் பைத்தான் வரிகளில் இராது. அவ்வரிகளுக்கு அடியில், சி மொழியிலோ சி++ மொழியிலோ ஃபோர்ட்ரானிலோ எழுதித் தொகுக்கப்பெற்ற ஒரு பகுதியில் இருக்கும்.

இப்பகுதியைக் கணினித் துறையினர் எக்ஸ்டென்ஷன் மாட்யூல் என்று வழங்குகின்றனர். தமிழில் இதனை விரிவுக்கூறு எனலாம். பைத்தான் வரிகளை வரிமொழிமாற்றி ஒவ்வொன்றாகப் படித்து நிறைவேற்றுகிறது. அதனால் வேகம் குறைகிறது. லட்சக்கணக்கான எண்களைக் கூட்டவும் பெருக்கவும் வேண்டிய இடத்தில், அவ்வேலையைச் சி மொழியில் எழுதி, கம்பைலர் எனப்படும் நிரல்பெயர்ப்பியைக் கொண்டு இயந்திர மொழியாக்கி, பைத்தானிலிருந்து அழைத்துக்கொள்வது வழக்கம். எண் அணிகளைக் கையாளும் நம்பை என்னும் நூலகம் இவ்வாறு அமைந்ததே. அதன் மீதே இன்று விஞ்ஞானக் கணக்கீட்டின் பெரும்பகுதி நிற்கிறது. எனவே, தாம் பைத்தான் மட்டுமே அறிந்தவர் என்று எண்ணும் களப்பணியாளரும், உண்மையில் ஒவ்வொரு நாளும் தொகுக்கப்பெற்ற சி நிரலை ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

அப்படியிருந்தும், பயிற்சி மையங்கள் பலவற்றில் பிழை தேடும் பாடம் பைத்தானின் எல்லையோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே உள்ளது நிபுணர்களின் காரியம் என்று விட்டுவிடப்படுகிறது. இக்கருத்து தவறானது, இதனால் விளையும் கேடு கணினி வகுப்பைத் தாண்டி, அரசாங்கப் புள்ளிவிவரங்கள் வரை செல்லக்கூடியது.

ஓர் உதாரணத்தால் இது விளங்கும். ஒரு மாவட்டத்தில் 6 மழைமானி நிலையங்கள் இருப்பதாகவும், 30 நாட்களின் மழையளவுகள் ஓர் அட்டவணையில் உள்ளனவென்றும் கொள்வோம். ஒவ்வொரு நாளும் ஒரு கிடைவரிசை. ஒவ்வொரு நிலையமும் ஒரு நெடுவரிசை. மூன்றாவது நிலையத்தின் மாத மழையைக் கணக்கிட, அந்த நெடுவரிசையை மட்டும் பிரித்தெடுத்து, சி மொழியில் எழுதிய கூட்டல் செயற்கூறு ஒன்றுக்கு அனுப்புகிறார் ஒரு பணியாளர். பைத்தான் வரியில் பிழை ஏதுமில்லை. ஆனால் நம்பை நூலகம் அந்த நெடுவரிசையைத் தனியாக நகலெடுத்து வைப்பதில்லை. பழைய அட்டவணையே நினைவகத்தில் இருக்க, "இங்கே தொடங்கு, ஒவ்வோர் எண்ணுக்கும் 48 பைட் தாண்டு" என்ற குறிப்பு மட்டுமே உண்டாகிறது. ஓர் எண்ணுக்கு 8 பைட், ஒரு நாளைக்கு 6 எண்கள், ஆகவே 48. சி நிரலை எழுதியவர் இக்குறிப்பைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். எண்கள் அடுத்தடுத்து இருப்பதாக அவர் எண்ணி, 8 பைட் வீதமே தாண்டிச் செல்கிறார். விளைவு என்ன? மூன்றாவது நிலையத்தின் 30 நாட்களுக்குப் பதிலாக, முதல் நாளின் நான்கு நிலையங்கள், இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை எல்லா நிலையங்கள், ஆறாம் நாளின் இரண்டு நிலையங்கள் என 30 எண்கள் கூட்டப்படுகின்றன.

நிரல் நிற்கவில்லை. எச்சரிக்கையும் இல்லை. கிடைத்த விடையும் மழையளவுதான். அதே மாவட்டத்தின், அதே மாதத்தின் மழையளவு. பார்த்த மாத்திரத்தில் யாரும் ஐயுறமாட்டார்கள். மேலதிகாரிக்கு ஐயம் எழுந்தால், பெரும்பாலும் அவர் விசாரிப்பது மழைமானியைக் கவனித்த ஊழியரைத்தான். அளவை சரியாகக் குறிக்கவில்லை என்று ஓர் எளிய ஊழியர் மீது பழி விழுகிறது. குற்றவாளியான செயற்கூறோ அடுத்த மாதமும் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கப் பைத்தான் பக்கத்தில் எத்தனை அச்சிடும் வரிகளைச் சேர்த்தாலும் பயனில்லை. அனுப்பப்பெற்ற எண்கள் சரியானவையே என்று அவை மீண்டும் மீண்டும் சான்று பகரும். சி பக்கத்தில் மட்டும் நின்று பார்ப்பதும் அரைகுறையே; அங்கே ஒரு பாயிண்டரும் 30 என்ற எண்ணிக்கையும்தான் தெரியும், அவை எந்த நெடுவரிசைக்கு உரியவை என்பது தெரியாது. இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நிறுத்திப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. காட்சிவழி நிரலாக்கச் சூழல்களின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

இவ்வசதி மிகத் தெளிவாக அமைந்திருப்பது மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விஷுவல் ஸ்டுடியோவில் ஆகும். பைத்தானுக்கான கருவிகள் 2011-ல் அதற்கு வந்தன. பைத்தானையும் சி மொழியையும் கலந்து பிழை தேடும் முறை 2013-ல் சேர்ந்தது. விண்டோஸில் மட்டுமே இது இயங்கும். பைத்தான் வரியொன்றில் நிறுத்தக் குறி வைத்து, அங்கிருந்து "உள்ளே செல்" என்னும் கட்டளையைக் கொடுத்தால், அடுத்து நிற்கும் இடம் சி நிரலின் முதல் வரியாக இருக்கும். அழைப்பு வரிசையைக் காட்டும் சாளரத்தில் பைத்தான் செயற்கூறுகளும் சி செயற்கூறுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக, அழைக்கப்பெற்ற முறைப்படியே தோன்றும். மேலேயுள்ள சி வரியைச் சொடுக்கினால் பாயிண்டர். அதற்குக் கீழேயுள்ள பைத்தான் வரியைச் சொடுக்கினால் நெடுவரிசை. மழைமானி உதாரணத்தில், முதல் எண் இரண்டு பக்கத்திலும் ஒன்றாகவே இருக்கும்; இரண்டாவது எண்ணிலேயே வேற்றுமை தெரிந்துவிடும். ஒரு மணி நேரத்திற்குள் முடியக்கூடிய தேடல் இது.

மற்றொரு வசதியும் குறிப்பிடத்தக்கது. சி பக்கத்திலிருந்து பார்க்கும்போது பைத்தானின் எண்ணோ சொல்லோ பட்டியலோ வெறும் நினைவக முகவரியாகத்தான் தெரியும். இச்சூழல் அதனையே பைத்தான் பார்வையில் விரித்துக் காட்டும்; பைத்தான் பக்கத்திலிருந்து சி அமைப்பையும் அவ்வாறே காட்டும். புதிதாகக் கற்கும் ஆசிரியருக்கு நூறு பக்க விளக்கத்தைவிட இக்காட்சி அதிகம் கற்பிக்கும்.

இவ்வளவு நல்ல கருவி இருந்தும் ஏன் பரவவில்லை? ஏற்பாடு செய்வதிலுள்ள தொல்லையே காரணம். தொல்லை உண்மையானதே, அதை மறைப்பதில் பயனில்லை. விஷுவல் ஸ்டுடியோவை நிறுவும்போது பைத்தான் பணிக்கான தொகுப்பில், சி மொழிக் கருவிகளையும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். திட்டத்தின் பண்புகளில் சி மொழிப் பிழை தேடலையும் இயக்கும்படி ஒரு கட்டத்தைக் குறிக்க வேண்டும். பைத்தானை நிறுவும்போது அதன் சிம்பல் கோப்புகளையும் இறக்கிக்கொள்ள வேண்டும். இவற்றுள் ஒன்றை மறந்தாலும், பைத்தானின் சிம்பல்கள் தேவை என்ற அறிவிப்போ, நிறுத்தக் குறி எட்டப்படாது என்ற அடையாளமோதான் எதிர்ப்படும். பலர் இவ்விடத்திலேயே முயற்சியைக் கைவிடுகின்றனர். மேலும், இவ்வசதி பைத்தானின் உள்ளமைப்பைச் சார்ந்ததாதலால், பைத்தானின் ஒவ்வொரு புதிய பதிப்புக்கும் அது உடனே வந்துவிடுவதில்லை. எந்தப் பதிப்புக்கு ஆதரவு உண்டு என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அந்தப் பதிப்பையே வகுப்பறைக் கணினிகளில் நிறுவுவது உத்தமம். நிபந்தனையோடு கூடிய நிறுத்தக் குறிகளைக் கலப்பு முறையில் பைத்தான் வரிகளுக்கு வைக்க இயலாது என்பதும் முன்பே அறிந்திருக்க வேண்டியது. இல்லையேல் அரை நாள் வீணாகும்.

சிம்பல் கோப்பு என்பது யாதெனச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் இவ்விஷயத்தின் உயிர்நாடி அதுவே. கம்பைலர் இயந்திர மொழியாக்கும்போது, மனிதர் எழுதிய பெயர்களும் வரி எண்களும் மறைந்துவிடுகின்றன. இயந்திர மொழியின் எந்த முகவரி, மூல நிரலின் எந்த வரியிலிருந்து வந்தது, எந்த இடத்தில் எந்த மாறி இருந்தது என்னும் விவரங்களைத் தனியே குறித்துவைப்பது சிம்பல் கோப்பு. நில அளவைத் துறையாருக்குப் புலப்படம் எப்படியோ, பிழை தேடுவோருக்கு இது அப்படி. விண்டோஸில் இது விரிவுக்கூறுக்குப் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பாக இருக்கும். லினக்ஸில் பெரும்பாலும் விரிவுக்கூறின் உள்ளேயே இருக்கும். ஆனால் அளவைக் குறைக்கும் பொருட்டு, வெளியிடும்போது அகற்றிவிடுவதும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. விண்டோஸில் ஒவ்வொரு முறை தொகுக்கும்போதும், விரிவுக்கூறுக்கும் அதன் சிம்பல் கோப்புக்கும் பொதுவான ஓர் அடையாள எண் பதியப்படுகிறது. ஆறு மாதம் கழித்து அதே மூல நிரலை மறுபடியும் தொகுத்து ஒரு சிம்பல் கோப்பைப் பெற்றாலும், களத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய விரிவுக்கூறுக்கு அது பொதுவாகப் பொருந்தாது. டிபக்கர் அதனை ஏற்க மறுக்கும். ஆகவே வெளியிட்ட நாளிலேயே சேமித்து வைத்தாலன்றிப் பின்னர் பெற வழியில்லை. அலுவலகங்களில் பத்து ஆண்டுகளுக்கு முந்தைய தபால் பதிவேட்டைக்கூடப் பத்திரப்படுத்தி வைக்கும் வழக்கம் உண்டு. சில மெகாபைட் அளவேயுள்ள சிம்பல் கோப்பை எறிந்துவிடுவதற்கு மட்டும் என்ன நியாயம் சொல்ல முடியும்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பிழை தேடுவதற்கென்றே தொகுக்கப்பெற்ற பைத்தான் ஒன்று தனியாக உள்ளது. விண்டோஸில் அது தன் பெயரின் இறுதியில் அடிக்கோட்டையும் "டி" என்னும் எழுத்தையும் கொண்டிருக்கும். விரிவுக்கூறுகளின் பெயரும் அவ்வாறே முடிந்தால்தான் அவற்றை ஏற்கும். வழக்கமாக இறக்கப்படும் நம்பை அப்படி முடிவதில்லை. எனவே அந்தப் பைத்தானைப் பயன்படுத்த முனைந்தவர், நம்பையையும் அது சார்ந்த பிறவற்றையும் தாமே தொகுக்கும் பெரும் பணியில் சிக்கிக்கொள்கிறார். பயிற்சி மையங்களுக்கு இவ்வழி உகந்ததன்று. வழக்கமான பைத்தானையே அதன் சிம்பல்களோடு வைத்துக்கொண்டு, தாம் ஆராய விரும்பும் ஒரு விரிவுக்கூறை மட்டும், "விவரங்களைச் சேர்த்து வை, வேகத்திற்காக வரிகளை மாற்றி அமைக்காதே" என்னும் இரு கட்டளைகளைக் கம்பைலருக்குக் கொடுத்துத் தொகுத்தால் போதுமானது. இரண்டாவது கட்டளையை விட்டுவிட்டால், டிபக்கரில் மாறிகள் பல காணாமற் போயிருக்கும். அடுத்த வரிக்குச் செல் என்றால் முன்னும் பின்னுமாகத் தாவும். இதைக் கண்டு கருவியே பழுதென்று எண்ணியவர்களும் உளர்.

விண்டோஸ் இல்லாத இடங்களின் நிலை வேறு. கேரளப் பள்ளிகள் நெடுங்காலமாக லினக்ஸையே பயன்படுத்தி வருகின்றன. ஆராய்ச்சி நிலையங்கள் பலவற்றின் பெரிய கணினிகளும் லினக்ஸிலேயே ஓடுகின்றன. அங்கு விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் இலவசச் சூழல் பரவலாக உள்ளது. பெயர் ஒத்திருப்பினும் இது வேறு பொருள். இதில் இரண்டு டிபக்கர்களை ஒரே நிரலின் மீது பூட்ட வேண்டும். முதலில் பைத்தான் டிபக்கரைக் கொண்டு நிரலைத் தொடங்கி, விரிவுக்கூறை அழைக்கும் வரிக்கு முன்னால் நிறுத்த வேண்டும். பின்னர், ஓடும் நிரலின் செயல் எண்ணைத் தெரிந்துகொண்டு, சி மொழிக்கான டிபக்கரை அதனோடு இணைக்க வேண்டும். உபுண்டு போன்ற பதிப்புகளில், பெற்றோர் நிரலன்றி வேறொன்று இவ்வாறு இணைவதைப் பாதுகாப்பின் பொருட்டு இயங்குதளமே தடுத்து வைத்திருக்கும். அதற்கு நிர்வாகியின் அனுமதி வேண்டும். இணைந்த பின், சி டிபக்கர் நிரலை நிறுத்தி வைத்திருக்கும் வரையில், பைத்தான் டிபக்கர் பதில் கூறாது. பழகாதவர்க்குக் கணினி உறைந்துவிட்டதாகவே தோன்றும்.

இந்நிலையில், காட்சிவழிச் சூழலே வேண்டாம், ஜி.டி.பி. என்னும் பழைய டிபக்கரைக் கட்டளை வரியில் பயன்படுத்துவதே மேல் என்று கூறும் நிபுணர்கள் உண்டு. அவர்கள் கூற்றில் நியாயமில்லாமல் இல்லை. 2009-ல் வெளிவந்த ஏழாம் பதிப்பு முதல் ஜி.டி.பி.யைப் பைத்தானைக் கொண்டே விரிவுபடுத்தலாம். பைத்தான் அழைப்பு வரிசையை அதனுள்ளேயே காட்டும் கட்டளைகளும் பைத்தானோடு வழங்கப்படுகின்றன. தொலைவிலுள்ள கணினியில் சாளரம் ஏதுமின்றி வேலை செய்வோருக்கு வேறு வழியும் இல்லை. ஆயினும் இது, அறிந்தவர்க்கு எது வேகமானது என்பதைப் பற்றிய வாதமேயன்றி, அறியாதவர் எதில் தொடங்குவது என்பதைப் பற்றியதன்று. நாற்பது ஆசிரியர்கள் அமர்ந்திருக்கும் கோடைப் பயிற்சி வகுப்பில், முதல் நாளே கட்டளைகளின் நீண்ட பட்டியலைக் கொடுத்தால், இரண்டாம் நாள் வருகை குறையும். இரு மொழிகளும் ஒரே திரையில் சந்திப்பதை ஒருமுறை கண்ணால் கண்டவர், பின்னர் எந்தக் கருவியையும் கற்றுக்கொள்வார்.

நிபுணர்களிடமே விட்டுவிடுவோம் என்னும் வாதத்தையும் ஆராய்வது தகும். களப்பணியாளர் ஒவ்வொருவரும் சி மொழியில் பிழை திருத்த வேண்டுமென்று யாரும் கோரவில்லை. ஆனால் நிபுணரிடம் என்ன கொண்டு செல்வது என்பதாவது தெரிந்திருக்க வேண்டாமா? "நிரல் நின்றுவிட்டது" என்று மட்டும் எழுதி அனுப்பப்பெறும் கடிதத்தை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் எதையும் செய்ய இயலாது. பைத்தானின் 3.3 பதிப்பிலிருந்து, அதாவது 2012 முதல், ஃபால்ட்ஹாண்ட்லர் என்னும் பகுதி அதனுடனேயே வருகிறது. இதனை இயக்கி வைத்துவிட்டால், நிரல் நினைவகப் பிழையால் வீழும் தருணத்தில், கடைசியாக ஓடிய பைத்தான் வரி எது என்பதை எழுதிவிட்டே வீழும். இதற்குச் சி மொழி அறிவு ஒரு துளியும் வேண்டியதில்லை. அந்த வரிகளையும், பைத்தான் பதிப்பையும், விரிவுக்கூறின் பதிப்பையும், பிழையை உண்டாக்கிய தரவுக் கோப்பையும் சேர்த்து அனுப்பும் பணியாளர், நிபுணரின் வேலையில் பாதியைத் தாமே முடித்துவிடுகிறார்.

ஃபால்ட்ஹாண்ட்லர் காட்டும் இடம் நிரல் வீழ்ந்த இடமேயன்றிப் பிழை செய்த இடம் என்று கொள்ளலாகாது. பைத்தான் ஒவ்வொரு பொருளுக்கும் அதனை எத்தனை பேர் பயன்படுத்துகின்றனர் என்னும் எண்ணிக்கையை வைத்திருக்கிறது. எண்ணிக்கை சுழியானதும் அப்பொருளின் இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடுகிறது. பைத்தான் வரிகளில் இக்கணக்கு தானே நடைபெறும். சி நிரலில் எழுதுபவரே கூட்டிக் குறைக்க வேண்டும். ஓரிடத்தில் ஒருமுறை அதிகமாகக் குறைத்துவிட்டால், உபயோகத்திலிருக்கும் பொருள் அழிந்துபோகிறது. அதன் விளைவு பல நிமிடங்கள் கழித்து, சம்பந்தமேயில்லாத வேறொரு வரியில் வெளிப்படுகிறது. நூலகத்தில் ஒருவர் கையிலிருக்கும் புத்தகத்தைத் திரும்பி வந்ததாகப் பதிவு செய்துவிட்டால், குழப்பம் அன்றைக்கு எழாது, அடுத்தவர் அப்புத்தகத்தைக் கேட்டு வரும் நாளில்தான் எழும் என்பது போன்றது இது.

இதற்கும் கருவி உண்டு. பைத்தானின் 3.6 பதிப்பு முதல், ஒரு சூழல் மாறியைக் குறிப்பிட்டு, நினைவகத்தைச் சோதனை முறையில் ஒதுக்கச் செய்யலாம். விடுவிக்கப்பெற்ற இடம் முழுவதும் ஒரு குறிப்பிட்ட எண்ணால் நிரப்பப்படும். ஒதுக்கிய இடத்தின் இரு ஓரங்களிலும் வேலி போல் வேறோர் எண் வைக்கப்படும். விரிவுக்கூறு எல்லை தாண்டி எழுதியிருந்தால், அவ்விடத்தை விடுவிக்கும்போது அது வெளிப்படும். டிபக்கரின் நினைவகச் சாளரத்தில் "டிடி டிடி டிடி" என்று பதினாறடிமான எண்கள் வரிசையாகத் தெரிந்தால், செத்த பொருளொன்றைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று பொருள். ஓர் இடைக்குறிப்பு: வெறுமையைக் குறிக்கும் "நன்" என்னும் பொருளின் எண்ணிக்கையைத் தவறாகக் குறைத்துக்கொண்டே போனால் முன்பெல்லாம் பைத்தான் ஒரு கட்டத்தில் கூச்சலிட்டு நின்றுவிடும். 2023-ல் வந்த 3.12 பதிப்பில் அப்பொருள் அழியாப் பொருளாக்கப்பட்டது. வேகத்திற்கு அது நன்மையே; ஆனால் முன்னர் தானாகவே அகப்பட்ட ஒருவகைப் பிழை இப்போது மௌனமாகிவிட்டது.

அடித்தளத்தின் மௌனம் பற்றிப் பேசும்போது நம்பையின் முழு எண்களையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பைத்தானின் முழு எண்ணுக்கு எல்லையில்லை. நம்பை அணியிலுள்ள முழு எண்ணுக்கு எல்லை உண்டு. 2024-ல் நம்பையின் 2.0 பதிப்பு வரும் வரையில், விண்டோஸில் இயல்பான முழு எண் 32 பிட் அளவே. லினக்ஸில் 64 பிட். அதாவது 214 கோடியே 74 லட்சத்தைத் தாண்டும் கூட்டுத்தொகை விண்டோஸில் எதிர்மறை எண்ணாகவோ வேறு பொருந்தாத எண்ணாகவோ மாறக்கூடும். அதே நிரல் லினக்ஸில் சரியான விடை தரும். பழைய பதிப்பு நிறுவப்பெற்ற கணினிகளில் இந்நிலை இன்னும் நீடிக்கிறது. இரு அலுவலகங்கள் ஒரே தரவுக்கு இரு விடைகளை அனுப்பினால், எழுத்தர்களைக் குறை கூறுவதற்கு முன்னர் இதனைச் சோதிப்பது முறை.

இனி ஆசிரியர்களின் நிலையைக் காண்போம். என்.சி.இ.ஆர்.டி. 2019-ல் வெளியிட்ட 11-ஆம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைத்தானையே நிரல் மொழியாகக் கொண்டது. மத்திய கல்வி வாரியத்தின் மேல்நிலை வகுப்புகளில் முன்பு கற்பிக்கப்பெற்ற சி++ விலகியது. இம்மாற்றம் மாணவருக்கு நன்மையே செய்தது, சந்தேகமில்லை. ஆனால் கீழ்த்தளம் ஒன்று உண்டு என்பதே ஒரு தலைமுறைக்குத் தெரியாமற் போகும் அபாயமும் உடன் வந்தது. தமிழ்நாட்டின் பாடத்திட்டம் இதில் வேறு வழியில் சென்றது. 11-ஆம் வகுப்பில் சி++, 12-ஆம் வகுப்பில் பைத்தான். அதுவுமன்றி, பைத்தானிலிருந்து சி++ நிரலைப் பயன்படுத்துவது குறித்து ஒரு முழுப் பாடமே 12-ஆம் வகுப்பு நூலில் இடம்பெற்றுள்ளது. பள்ளி நூல் ஒன்றில் இவ்விஷயத்திற்கு இடம் தந்தது பாராட்டத்தக்கது.

ஆயினும் அப்பாடத்தில் காட்டப்பெறும் முறை, பைத்தானிலிருந்து இயங்குதளத்தின் வழியாகக் கம்பைலரை அழைத்து, கிடைக்கும் நிரலைத் தனியே ஓட்டுவதாகும். அங்கு இரு நிரல்களும் இரு வெவ்வேறு வீடுகளில் வசிக்கின்றன. சி++ நிரல் வீழ்ந்தாலும் பைத்தான் நிரல் நின்றுகொண்டிருக்கும். விரிவுக்கூறோ பைத்தானின் வீட்டிற்குள்ளேயே, அதன் நினைவகத்தையே பகிர்ந்துகொண்டு வாழ்வது. அது வீழ்ந்தால் வீடே வீழும். சைத்தான், ஸ்விக், பூஸ்ட் பைத்தான் போன்ற இணைப்பு முறைகளை அந்நூல் பெயரளவில் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்றைக் கொண்டு பத்து வரியில் ஒரு விரிவுக்கூறை உண்டாக்கி, வேண்டுமென்றே அதில் ஒரு பிழையை வைத்து, மாணவர் முன்னிலையில் டிபக்கரின் மூலம் எல்லையைக் கடந்து காட்டும் ஒரு செய்முறையைச் சேர்த்தால், பாடம் முழுமை பெறும். மழைமானி அட்டவணையே அதற்குப் போதுமானது, கணிதமும் கடினமன்று. இரண்டு பாடவேளைகளில் முடியும். வகுப்பில் உள்ள கணினிகள் அனைத்திலும் சூழலை நிறுவ வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே கணினியில் நிறுவி, படவீழ்த்தியால் சுவரில் காட்டினாலே பயன் விளையும். ஆசிரியர் பயிற்சி முகாம்களில் இதற்கென அரை நாள் ஒதுக்குவது மிகையாகாது. அவ்வரை நாளின் பெரும்பகுதி நிறுவும் தொல்லையிலேயே கழிந்தாலும், அத்தொல்லையை ஆசிரியர் ஒருமுறை துணையோடு கடந்துவிடுவதே லாபம்.

துறைகளுக்காக விரிவுக்கூறுகளைத் தயாரித்து அனுப்பும் அலுவலகங்களின் பொறுப்பு இதனினும் பெரிது. மூல நிரல், அதைத் தொகுத்த கட்டளைகள், கம்பைலரின் பதிப்பு, சிம்பல் கோப்பு ஆகியவற்றை வெளியிட்ட தேதியோடு ஒரே உறையில் இட்டு வைப்பதுபோல் ஓரிடத்தில் சேமிப்பது அவர்கள் கடமை. கள நிலையங்களுக்குச் சிம்பல் கோப்பை அனுப்பத் தயங்குவோர், இயந்திர மொழியை மனிதர் படிக்கும்படி செய்துவிடுமே என அஞ்சுகின்றனர். அரசாங்கப் பணத்தில், அரசாங்கக் கணக்கிற்காக எழுதப்பெற்ற நிரலில் அரசாங்க ஊழியரிடமிருந்து மறைக்க வேண்டியது என்ன இருக்கிறது என்பது விளங்கவில்லை. பாதுகாப்பு காரணமாக மறைப்பது அவசியமாயின், மத்திய அலுவலகத்திலேனும் அது இருக்கட்டும். வீழ்ந்த நிரலின் நினைவகப் பதிவை நிலையத்திலிருந்து அங்கு அனுப்பி, அங்கேயே திறந்து பார்க்கலாம்.

வெளியார் மூலம் தயாரிக்கப்பெறும் விரிவுக்கூறுகளில் நிலை இன்னும் மோசம். ஒப்பந்தத்தில் "இயங்கும் நிரல்" என்று மட்டும் எழுதப்பெற்றிருந்தால், இயங்கும் கோப்பு ஒன்று மட்டுமே கைக்கு வரும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு, அதில் ஒரு பிழை வெளிப்பட்டால் பார்ப்பதற்கு மூல நிரலும் இராது, சிம்பலும் இராது. பணம் செலுத்துவதற்கு முன் மூல நிரலையும் சிம்பல் கோப்புகளையும் பெற்று, அவற்றைக் கொண்டு ஒருமுறையேனும் டிபக்கரில் நிறுத்தக் குறி வைத்து நின்று காட்டும்படி கேட்க வேண்டும் என்ற ஒரு நிபந்தனையை டெண்டர் படிவங்களில் சேர்க்கலாம். கோப்புகள் உண்மையில் பொருந்துகின்றனவா என்பது அந்தச் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும். பொருந்தாதவற்றை அன்றே திருப்பியனுப்பிவிடலாம்.